கயிறு தாங்கும், இடுப்பு தாங்குமா?
மரமேறுவோரின் உடுப்பும் கருவியும்: வாசகர் கேள்வி – பதில்

பனை, தென்னை ஏறுவோரும், புயலுக்குப் பின் மரம் கழிக்கும் தொழிலாளர்களும், அவர்களை வேலைக்கு அழைக்கும் தோட்டக்காரர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

எங்கள் அப்பா நாற்பது வருடமாகத் தளைநாரும் (கால்களில் மாட்டி ஏறும் நார் வளையம்) நெஞ்சும் மட்டும் நம்பிப் பனையேறுகிறார். இடுப்பில் ஒரு நைலான் கயிறு கட்டி, மரத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டால் போதும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். போதுமா?
– பனையேறும் குடும்பத்து வாசகர், உடன்குடி

போதாது. சில நேரம் அந்தக் கயிறே ஆளைக் கொல்லும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தளைநார், இயந்திரம், ஏணி எல்லாம் ஆளை மேலே ஏற்றிவிடும் கருவிகள். கை வழுக்கினாலோ தலை சுற்றினாலோ அவை யாரையும் பிடித்துக்கொள்ளாது. பிடித்துக்கொள்ளும் கருவி வேறு. நம் ஊரில் முதல் வகையில் எத்தனையோ நுட்பங்கள் உண்டு. இரண்டாவது வகை பெரும்பாலும் கிடையாது. அந்த இடத்தைத்தான் இடுப்புக் கயிற்றை வைத்து நிரப்பப் பார்க்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 1 மீட்டர் விழுந்து, கயிறு இழுபட்டு 10 சென்டிமீட்டருக்குள் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் அவர் உடம்பில் விழும் இழுவை சராசரியாக 770 கிலோ எடைக்குச் சமம். கயிறு அதைத் தாங்கிவிடும். ஆனால் அத்தனை இழுவையும் அடிவயிற்றிலும் முதுகெலும்பிலும் நான்கு விரல் அகலத்தில் இறங்குகிறது. ஆள் இரண்டாக மடிகிறார், அல்லது தலைகீழாகக் கவிழ்ந்து கயிற்றிலிருந்து உருவிக்கொண்டு போகிறார். இதனால்தான் அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதல், விழுகிறவரைத் தாங்குவதற்கு இடுப்புப் பட்டையைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி வந்தது.

வேண்டியது முழு உடல் பெல்ட். கடையில் ‘ஃபுல் பாடி ஹார்னஸ்’ என்று கேளுங்கள். இரண்டு தோளிலும் இரண்டு தொடையிலும் பட்டை இருக்கும். இழுவை தொடைக்கும் இடுப்பு எலும்புக்கும் பகிர்ந்து போகும். ஐ.எஸ். 3521 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பார்த்து வாங்குங்கள். முதுகில் மட்டும் வளையம் உள்ள பெல்ட் கட்டட வேலைக்குச் சரி, மரத்துக்கு உதவாது. நெஞ்சுக்கு நேரே ஒரு வளையமும், இடுப்பின் இரு பக்கமும் இரண்டு வளையங்களும் இருக்க வேண்டும். போட்டு இறுக்கிய பின் தொடைப் பட்டைக்குள் விரித்த கை நுழைய வேண்டும், மூடிய முஷ்டி நுழையக் கூடாது. தளர்வாக விட்டால் விழும்போது பட்டை கவட்டில் ஏறி நசுக்கும்.

அடுத்து, பெல்ட்டை மரத்தோடு எப்படி இணைப்பது? பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மரத்தைச் சுற்றிப் போட்டு இடுப்பின் இரு வளையங்களிலும் மாட்டிய கயிறு, சாய்ந்து நின்று இரண்டு கையாலும் வேலை செய்ய வசதியானது. ஆனால் கால் விட்டுப்போனால் அது மரத்தோடு சறுக்கிக்கொண்டே கீழே வரும், நெஞ்சையும் முகத்தையும் தேய்த்தபடி. ஆகவே அதோடு தனியாக ஒரு சுருக்கும் வேண்டும். ஒரு முனையில் கண்ணி உள்ள கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, அதே கண்ணிக்குள் நுழைத்து, மறுமுனையை நெஞ்சு வளையத்தில் மாட்டுங்கள். எடை விழுந்ததும் சுருக்கு இறுகி மரத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சுருக்கு எப்போதும் நெஞ்சு உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டு எட்டுக்கு ஒருமுறை தள்ளி உயர்த்த வேண்டும். இடையில் விடும் தளர்வு ஒரு முழத்தைத் தாண்டக் கூடாது.

இப்படி இரண்டு சுருக்கு வைத்திருப்பது நல்லது. கீழ்மட்டை உதிராத இளம் பனையில் கருக்கு (பல் விளிம்புள்ள மட்டையடி) ஒட்டிக்கொண்டிருக்கும், சுருக்கை அதைத் தாண்டித் தள்ள முடியாது. மேலே இரண்டாவதை மாட்டிவிட்டுத்தான் கீழே உள்ளதை அவிழ்க்க வேண்டும். மட்டைகள் சூழ்ந்த உச்சியான கொண்டைக்குள் நுழையும்போதும் இதே முறைதான். மட்டையில் மாட்டாதீர்கள், தண்டில் மாட்டுங்கள். பச்சை மட்டைகூட அடியோடு பிய்ந்து வரும். கருக்கின் பல் ரம்பம் மாதிரி, இழுவையில் இருக்கும் கயிற்றை அறுத்துவிடும்.

இப்படி ஏறினால் நேரம் கூடும் என்பது உண்மை. பதநீர்க் காலத்தில் நாளுக்கு இரண்டு, மூன்று முறை ஒவ்வொரு மரமும் ஏறுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. உயரமான, வழுவழுப்பான நான்கைந்து மரங்களிலாவது முதலில் தொடங்கச் சொல்லுங்கள். அந்த மரங்களில் கொண்டைக்குக் கீழே தண்டைச் சுற்றி அகலப் பட்டை கட்டி, அதிலிருந்து ஒரு கயிற்றைத் தரை வரை தொங்கவிடலாம். அந்தக் கயிற்றில் ‘ரோப் கிராப்’ என்ற பிடியைக் கோத்து நெஞ்சு வளையத்தில் மாட்டினால், ஏறும்போது பிடி கூடவே வரும், விழுந்தால் கவ்வும். மரத்துக்கு ஒரு கயிறு என்பதால் முப்பது மரத்துக்குச் செலவு கட்டாது. ஐந்து மரத்துக்குக் கட்டும். வெயிலிலேயே கிடக்கும் கயிறும் பட்டையும் நைந்துபோகும் என்பதால் பருவம் முடிந்ததும் கழற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டும்.

தளைநார் எப்போது மாற்ற வேண்டும்? நைலானில் செய்துகொள்ளலாமா?
– வாசகர், சாயல்குடி

நாரைக் காயவிட்டுப் பயன்படுத்தாதீர்கள். காய்ந்த நார் முறியும், நனைந்த நார் வளையும். ஏறப் போகுமுன் தண்ணீரில் முக்கி, வளைத்துப் பார்த்து, இழை ஏதும் நொறுங்குகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முதலில் தேய்வது காலின் உட்புறம் படும் இடமும் முடிச்சின் ஓரமும். அந்த இரண்டு இடத்தில் பிரி மெலிந்திருந்தால் மற்ற இடம் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் தளை தீர்ந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு நாளும் முதல் மரத்தில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்று, இரண்டு முறை முழு எடையையும் போட்டு அழுத்திப் பாருங்கள். அறுந்தால் அங்கே அறுகட்டும்.

வெறும் நைலான் கயிறு வேண்டாம். அது அறுவதைவிட வழுக்குவதுதான் ஆபத்து. பனையின் சொரசொரப்பில் நாரும் தோலும் கவ்வுகிற அளவு, பளபளப்பான செயற்கை இழை கவ்வாது. உழைப்புக்காக நைலானே வேண்டுமென்றால், உள்ளே நைலான் வைத்து மேலே நாரோ பருத்தித் துணியோ இறுக்கமாகச் சுற்றிக்கொள்ளுங்கள். மேல்சுற்று கிழிந்த அன்றே மாற்றுங்கள்.

தளையின் நீளமும் கவனிக்க வேண்டியது. அடிமரத்துக்கு ஏற்ற நீளத் தளை, மேலே மரம் மெலியும் இடத்தில் கால்களை அகட்டிவிடும். பாதம் மரத்தின் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். குதிகால் இரண்டும் மரத்துக்குப் பின்பக்கம் போகிற மாதிரி இருந்தால் தளை நீளம்.

ஏறும்போது என்ன உடுத்துவது? அப்பா காலத்தில் கோவணமும் வெறும் மார்பும்தான். இப்போது பையன்கள் டி-ஷர்ட்டும் லுங்கியுமாக ஏறுகிறார்கள்.
– வாசகர், கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்

இரண்டில் லுங்கிதான் மோசம். தளைக்கும் மரத்துக்கும் நடுவே துணி சிக்கினால் கால் எடுக்க வராது. இயந்திரத்தில் ஏறினால் மிதிகட்டைக்குள் இழுத்துக்கொள்ளும். உடம்போடு ஒட்டிய, முழங்கால் நன்றாக மடங்கும் கால்சட்டை, முழுக்கைச் சட்டை, அதன் மணிக்கட்டுப் பொத்தான் போட்டது, சட்டை கால்சட்டைக்குள் சொருகியது. இவ்வளவுதான் உடுப்பின் அடிப்படை. துணி பருத்தியாகவோ பருத்தி அதிகம் கலந்ததாகவோ இருக்கட்டும். வியர்வை இழுக்காத பாலியஸ்டர் டி-ஷர்ட் தோலில் ஒட்டி உரசும். தோளில் துண்டு, தொங்கும் கழுத்துச் சங்கிலி, மோதிரம், தடித்த அரைஞாண் எதுவும் வேண்டாம். மட்டை நுனியில் மோதிரம் மாட்டி, உடம்பு கீழே போனால் விரல் மேலே நிற்கும்.

மார்புக்குத் தனி ஏற்பாடு தேவை. மரத்தைத் தழுவி ஏறுகிறவருக்கு நெஞ்சு, முன்கை, தொடையின் உட்புறம் மூன்றும் தேயும். காய்ப்புக் காய்த்த பிறகும் மழைக்காலத்தில் வெடிக்கும். கழுத்திலும் முதுகிலும் பட்டை கட்டிய தடித்த கேன்வாஸ் அல்லது தோல் மார்புக் கவசம் தையற்காரரிடமே தைத்துக்கொள்ளலாம். அது பெல்ட்டின் நெஞ்சு வளையத்தை மறைக்காதபடி நடுவில் திறப்பு விட்டுத் தையுங்கள். முன்கைக்குப் பழைய ஜீன்ஸ் காலை வெட்டி உறை போல் மாட்டலாம், நன்றாகவே உழைக்கும்.

கால் விஷயத்தில் ஊருக்கு ஊர் பழக்கம் வேறு. தளையில் ஏறுகிறவருக்கு வெறுங்கால்தான் பிடி தரும், அவரிடம் பூட்ஸ் போடச் சொல்வது அறியாமை. இயந்திரத்தில் ஏறுகிறவர் வெறுங்காலோடு ஏறக் கூடாது. மிதிகட்டைக்குள் பாதம் நசுங்கும். கயிறு கட்டும் மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ போதும்.

கண்ணாடியை மறக்காதீர்கள். கொண்டையில் அண்ணாந்து மட்டையை இழுத்ததும் தூசி, பன்னாடைத் துகள், எறும்பு மூன்றும் கண்ணில்தான் விழும். கண்ணைக் கசக்க ஒரு கை போய்விட்டால் பிடிக்க ஒரு கைதான் மிச்சம்.

அரிவாளை இடுப்பில் வெறுமனே சொருகுவதும் ஆபத்துதான். பனையேறிகளின் அருவாப்பெட்டி இந்த விஷயத்தில் மிகச் சரியான கண்டுபிடிப்பு: வாய் மேலே, கூர்மை உள்ளே, உடம்புக்குப் பின்பக்கம். பாளை சீவும் மெல்லிய அரிவாளும் மட்டை கழிக்கும் அரிவாளும் ஒன்றையொன்று உரசாமல் இருக்க இடையில் ஒரு தடுப்பு இருக்கட்டும். பெல்ட் போடுகிறவர்கள் பெட்டியைப் பெல்ட்டின் பட்டையில் கட்டாமல் தனிக் கயிற்றில் கட்டுங்கள். பட்டையைக் கூர்மை தொடவே கூடாது.

தென்னைக்கு நின்று ஏறும் இயந்திரம் வாங்கலாமா, உட்கார்ந்து ஏறுவதா? என் கணவரும் நானும் கற்றுக்கொள்ள நினைக்கிறோம்.
– வாசகி, ஆனைமலை

கற்றுக்கொள்ளும் காலத்தில் உட்கார்ந்து ஏறுவது நல்லது. பழகிய பின் நாளுக்கு நிறைய மரம் ஏற வேண்டியிருந்தால் நின்று ஏறுவது.

நின்று ஏறும் வகையில் அதிகம் பரவியது, கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் ஜோசப் என்பவர் உருவாக்கிய மாடல். வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்றாக இரண்டு சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றும் கம்பி வடம், ரப்பர் பிடி, மிதிகட்டை, கைப்பிடி இருக்கும். எடை இறங்கினால் வடம் மரத்தை இறுக்கும். கைப்பிடியைத் தூக்கினால் தளரும். மாற்றி மாற்றித் தூக்கி, படி ஏறுவதுபோல் ஏறலாம். உட்கார்ந்து ஏறும் வகையில் மேல் சட்டத்தில் இருக்கையும் கீழ் சட்டத்தில் பாதமும் இருக்கும். கனம் அதிகம், நேரமும் அதிகம். ஆனால் மூச்சு வாங்கினால் உட்காரலாம், தொடை நடுங்கினால் நிறுத்தலாம்.

எது வாங்கினாலும் கோளாறு வரும் இடங்கள் ஒன்றுதான். முதலாவது வடத்தின் அளவு. தென்னை அடியில் பருத்து மேலே மெலியும். அடியில் மிதிகட்டை மட்டமாக நிற்கும்படி வடத்தைப் பூட்டினால், மேலே போகப்போக வடம் தளர்ந்து மிதிகட்டை வெளிப்பக்கமாகச் சரியும், பாதம் வழுக்கும். ஆகவே அடியில் மிதிகட்டையின் வெளிமுனை சற்றுத் தூக்கினாற்போல் பூட்டுங்கள். மரத்தின் தடிமன் மிகவும் மாறினால் மேலே போய்ச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள், இறங்கி வந்து பூட்டுங்கள்.

இரண்டாவது வடத்தின் இழை. கம்பியில் ஒரே ஓர் இழை அறுந்து முள்ளாக நீட்டினாலும் வடத்தை மாற்றிவிடுங்கள். பழைய துணியால் துடைத்துக்கொண்டே போனால் அறுந்த இழை துணியைப் பிடித்து இழுக்கும். ரப்பர் பிடி வழவழப்பானாலும் அப்படியே. மூன்றாவது ஈரம். பாசி படிந்த மரத்திலும் மழை விட்ட அரை மணியிலும் ரப்பர் பிடிக்காது. உட்கார்ந்து ஏறும் வகையில் இரண்டு சட்டங்களையும் ஒரு முழக் கயிற்றால் இணைத்துக் கட்டிவையுங்கள். இல்லாவிட்டால் பாதம் நழுவியதும் கீழ் சட்டம் தரைக்குப் போய்விடும், நீங்கள் மேலே இருக்கையோடு மாட்டிக்கொள்வீர்கள்.

இயந்திரமும் ஏற்றிவிடும் கருவிதான், அதை மறக்க வேண்டாம். பலர் விழுவது ஏறும்போது அல்ல, கொண்டையில் இயந்திரத்தைவிட்டு எட்டித் தேங்காய்க் குலையை இழுக்கும்போது. செம்பேரி மாடலோடு இணைத்துக்கொள்ளும் பாதுகாப்பு அமைப்பு ஒன்றைக் காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் (சி.பி.சி.ஆர்.ஐ.) வடிவமைத்திருக்கிறது. அது கிடைத்தால் சேர்த்தே வாங்குங்கள். கிடைக்காவிட்டால், முதல் பதிலில் சொன்ன முழு உடல் பெல்ட்டும் சுருக்கும் இதற்கும் பொருந்தும்.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற பெயரில் ஆறு நாள் பயிற்சி நடத்திவருகிறது. பெண்களும் சேரலாம். அடுத்த பயிற்சி எங்கே என்று வாரியத்தின் சென்னை அலுவலகத்தில் கேளுங்கள். தென்னை ஏறுவோருக்கான ‘கேர சுரக்ஷா’ விபத்துக் காப்பீட்டைப் பற்றியும் அங்கேயே விசாரித்துவிடலாம்.

பைக் ஹெல்மெட் போட்டு ஏறலாமா?
– வாசகர், பேராவூரணி

வேண்டாம். காதை மூடிவிடும், கீழே இருப்பவர் கத்துவது கேட்காது. அண்ணாந்து பார்த்தால் பின்கழுத்தில் இடிக்கும். கட்டட வேலைக்கான மஞ்சள் ஹெல்மெட் கீழே நிற்பவருக்குப் போதும், ஏறுகிறவருக்குப் போதாது.

வித்தியாசம் தாடைப் பட்டையில் இருக்கிறது. ஐரோப்பியத் தரத்தில் தொழிற்சாலை ஹெல்மெட்டுக்கு ஈ.என். 397 என்று எண். அதன் தாடைப் பட்டை 15 முதல் 25 கிலோ இழுவைக்குள் தானாக விட்டுப்போக வேண்டும். இயந்திரத்தில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டால் கழுத்து நெரியக் கூடாது என்பதற்காக அப்படி. மலையேறுவோர் ஹெல்மெட்டுக்கு ஈ.என். 12492. அதன் பட்டை 50 கிலோ இழுவையிலும் விடாது, விழும்போது தலையோடேயே இருக்க வேண்டும் என்பதற்காக. மரமேறுகிறவருக்கு வேண்டியது இரண்டாவது.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தேங்காய் தரையைத் தொடும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதற்கு எந்த ஹெல்மெட்டும் முழுப் பதில் இல்லை. கீழே இருப்பவர் மரத்தடியில் நிற்கவே கூடாது. மட்டை நேராக விழாது, மிதந்து தள்ளிப் போகும் என்பதால், மட்டை கழிக்கும்போது இன்னும் விலகி நிற்க வேண்டும். மேலே இருப்பவர் கையை உயர்த்தி ‘வா’ என்று சொன்ன பிறகுதான் பொறுக்க வர வேண்டும்.

புயலுக்குப் பின் தெருவில் சாய்ந்த மரங்களை மேலே ஏறிச் சங்கிலி ரம்பத்தால் அறுக்கிறோம். சங்கிலி ரம்பத்துக்கென்றே கால்சட்டை இருக்கிறதாமே, அது நிஜமாகவே காப்பாற்றுமா?
– மரம் வெட்டும் குழுவின் பொறுப்பாளர், தாம்பரம்

காப்பாற்றும், அது எப்படி என்று தெரிந்து பயன்படுத்தினால். அந்தக் கால்சட்டை வெட்டுப்படாத துணியால் ஆனது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மேல்துணிக்கு உள்ளே நீளமான, இழுத்தால் உருவிவரும் இழைகள் பல அடுக்காக இருக்கின்றன. சங்கிலி மேல்துணியைக் கிழித்ததும் இந்த இழைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். இழைகள் ரம்பத்தின் பல்சக்கரத்தில் சுற்றி அடைத்து, சங்கிலியை நிறுத்திவிடும். ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நடப்பது இது.

இதிலிருந்தே மற்ற விதிகள் வருகின்றன. ஒருமுறை வெட்டுப்பட்டால் கால்சட்டை தீர்ந்தது, தைத்துப் போடக் கூடாது. ஊசி நூல் இழைகளை ஓரிடத்தில் கட்டிப்போட்டுவிடும், அடுத்த முறை அவை உருவி வராது. பை வைத்துத் தைப்பது, பட்டன் வைப்பது எல்லாம் இதே தவறுதான். எண்ணெயும் மரப்பாலும் ஊறி இழைகள் ஒட்டிக்கொண்டாலும் வேலை செய்யாது. சாதாரண சோப்பில் அலசி நிழலில் காயப்போடுங்கள், இஸ்திரியும் வெளுப்புத் தூளும் ஆகாது. பேட்டரி ரம்பத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மோட்டாருக்கு ஆரம்பத்திலிருந்தே முழு முறுக்கு விசை இருப்பதால், இழை அடைத்தும் சங்கிலி நிற்காமல் போகலாம். கால்சட்டை போட்டிருக்கிறோம் என்ற தைரியம் அங்கே பலிக்காது.

வகைகளில் ‘டைப் ஏ’ என்பது காலின் முன்புறத்தை மட்டும் காக்கும், தரையில் நின்று அறுப்பவருக்கு. ‘டைப் சி’ காலைச் சுற்றிலும் காக்கும். மரத்தில் தொங்கியபடி அறுக்கும்போது ரம்பம் எந்தப் பக்கமிருந்தும் வரலாம் என்பதால் ஏறுகிறவருக்கு இதுதான். வகுப்பு எண் சங்கிலியின் வேகத்தைக் குறிக்கும்: வகுப்பு 1 என்றால் நொடிக்கு 20 மீட்டர், 2 என்றால் 24, 3 என்றால் 28. உங்கள் ரம்பத்தின் கையேட்டில் சங்கிலி வேகம் இருக்கும், ஒப்பிட்டு வாங்குங்கள்.

ஆனால் நம் வெயிலில் டைப் சி கால்சட்டையைப் பகல் முழுக்கப் போட்டு வேலை செய்ய முடியாது. கொதித்துப்போய் மயங்கி விழுவார்கள். அதைக் காரணம் காட்டிக் கழற்றிப்போடுவதைவிட, மேலே ரம்பத்தையே குறைத்துவிடலாம் என்பது எங்கள் கருத்து. கையளவு தடிமன் வரை உள்ள கிளைக்கு வளைந்த கைரம்பம் போதும். உறையில் போட்டுத் தொடையில் கட்டிக்கொள்ளலாம், இழுக்கும்போது அறுக்கும் பல் உள்ளதாகப் பாருங்கள். சங்கிலி ரம்பம் தேவைப்படும் தடித்த வேலையைக் காலை ஆறு முதல் பத்துக்குள் முடியுங்கள்.

மேலே சங்கிலி ரம்பத்தைக் கிளப்புமுன் இரண்டு தனித்தனிக் கயிற்றில் மாட்டியிருக்க வேண்டும். ஒன்று மேலேயுள்ள வலுவான கவையிலிருந்து வரும் ஏறுகயிறு. மற்றொன்று மரத்தைச் சுற்றும் குறுங்கயிறு. குறுங்கயிற்றில் எஃகுக் கம்பி உள்ளே ஓடும் வகை கிடைக்கிறது, கைரம்பம் பட்டால் அறாது. சங்கிலி ரம்பத்துக்கு அதுவும் தாங்காது. மின்கம்பி அருகே அதை எடுத்துப்போகவும் கூடாது. கொக்கிகளில் தானாகப் பூட்டிக்கொள்ளும், திறக்க மூன்று அசைவு தேவைப்படும் கேராபினரே வேண்டும். திருகுப் பூட்டு, கிளையில் உரசி உரசித் தானே திறந்துகொள்ளும். ரம்பத்தை ஒற்றைக் கையால் பிடித்து, மறுகையால் கிளையைப் பிடித்துக்கொண்டு அறுப்பதுதான் கையில் வெட்டு விழ முக்கியக் காரணம். கிளையைப் பிடிக்க வேண்டிய நிலைமை வந்தால் நிற்கும் நிலை தவறு. கயிற்றை மாற்றி நின்றுகொண்டு அறுங்கள்.

காலில் இரும்பு முள் கட்டி ஏறும் கருவியைத் தென்னைக்கும் மாமரத்துக்கும் பயன்படுத்தலாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

வெட்டிச் சாய்க்கப் போகும் மரத்துக்கு மட்டும். மாமரத்தில் பட்டைக்கடியில் உள்ள உயிர்த் திசு கிழிந்து நோய் புகும். தென்னை, பனையில் இன்னும் மோசம்: அவற்றின் தண்டில் காயத்தை மூடி வளரும் திசுவே கிடையாது. முள் குத்திய ஓட்டை மரம் இருக்கும் வரை ஓட்டையாகவே இருக்கும்.

பதநீர் இறக்கும்போது கயிற்றிலும் பெல்ட்டிலும் சுண்ணாம்பு படுகிறது. கெடுதலா?
– வாசகர், விளாத்திகுளம்

நல்ல கேள்வி, யாரும் யோசிக்காதது. சுண்ணாம்பு காரம். பாலியஸ்டர் இழையைக் காரம் மெல்ல அரிக்கும், நைலானை அமிலம் அரிக்கும். பெல்ட் பட்டைகள் பெரும்பாலும் பாலியஸ்டர் என்பதால் சுண்ணாம்புக் கலயத்தை இடுப்புப் பட்டையில் உரசும்படி தொங்கவிடாதீர்கள். அன்றன்றே வெறும் தண்ணீரில் நன்றாக அலசி நிழலில் உலர்த்துங்கள். பதநீர் சிந்திக் காய்ந்தாலும் கயிறு விறைத்துப்போகும், அதையும் அலச வேண்டும். பேட்டரி வைத்த இடத்திலும் பூச்சிமருந்து வைத்த இடத்திலும் கயிறும் பெல்ட்டும் வைக்காதீர்கள்.

கயிற்றைப் பார்ப்பது கண்ணால் மட்டுமல்ல. வாரம் ஒருமுறை முழு நீளத்தையும் விரல்களுக்கிடையே உருவுங்கள். உள்ளே பள்ளம் தட்டுகிற இடம், திடீரென்று விறைக்கும் இடம், வளைத்தால் கூம்பாக மடியும் இடம் எதுவானாலும் உள்ளிழை போய்விட்டது, மேல்உறை நன்றாகவே தெரிந்தாலும். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் வலு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறையலாம். முடிந்தவரை தைத்த கண்ணியே வாங்குங்கள்.

மின்கம்பி பக்கத்தில் தென்னை இருக்கிறது. ரப்பர் கையுறை போட்டு ஏறினால் சரியா?
– வாசகி, சீர்காழி

சரியில்லை. மரமேறும் கையுறை எதுவும் மின்சாரத்துக்கானது அல்ல. பச்சை மட்டையும் ஈரக் கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியத் துரட்டியும் ஏறும் இயந்திரத்தின் இரும்பும் சொல்லவே வேண்டாம். மட்டையோ, கருவியோ, ஆளோ கம்பியிலிருந்து 3 மீட்டருக்குள் வர வாய்ப்பிருந்தால், மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே வேலை.

மேலே போனதும் கதண்டு (விஷக்குளவி) கூடு இருந்தால்?
– வாசகர், மன்னார்குடி

ஏறுமுன்னே எதிர்ப்பக்கத்திலிருந்து கொண்டையைச் சில நிமிடம் பாருங்கள், பூச்சி வந்து போவது தெரியும். இருந்தால் ஏறாதீர்கள், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். எந்தச் சட்டையும் கதண்டின் கொடுக்கைத் தாங்காது.

பெல்ட் பிடித்துக்கொண்டது, ஆள் மேலேயே மயங்கித் தொங்குகிறார். என்ன செய்வது?
– தோட்ட மேற்பார்வையாளர், கம்பம்

இந்தக் கேள்விக்குப் பதில் ஏறுமுன்னே தயாராக இருக்க வேண்டும். அசையாமல் பெல்ட்டில் தொங்குகிறவரின் ரத்தம் கால்களிலேயே தங்கும். இதயத்துக்கும் மூளைக்கும் போவது குறையும். சில நிமிடங்களே ஆபத்தாகிவிடும். தீயணைப்பு வண்டி வரட்டும் என்று கீழே நிற்க முடியாது. அழைத்துவிட்டு நீங்களும் தொடங்க வேண்டும்.

அதற்கு, தனியாக யாரையும் ஏறவிடாதீர்கள். கீழே இருப்பவரும் ஏறத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மரத்தடியில் இரண்டாவது பெல்ட், இரண்டாவது தளை அல்லது இயந்திரம், மரத்தின் இரு மடங்கு நீளமுள்ள கயிறு, ஆளைக் கயிற்றில் மெல்ல இறக்கும் கருவி ஒன்று, கத்தி ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். மேலே போனவர் தொங்குபவருக்கு மேலே தண்டில் சுருக்கிட்டு, கயிற்றை இறக்கும் கருவி வழியாக அவரது நெஞ்சு வளையத்தில் மாட்டி, அந்தக் கயிறு இறுகிய பிறகுதான் பழைய கயிற்றை விடுவிக்க வேண்டும். வருடம் ஒருமுறையாவது ஓர் ஆள் உயரத்தில் இதைச் செய்து பாருங்கள். முதல் தடவை எல்லோருக்கும் கை குழம்பும்.

நினைவோடு தொங்குகிறவருக்கு, பெல்ட்டில் எப்போதும் ஒரு கால்கண்ணி இருக்கட்டும். ஒன்றரை மீட்டர் நாடாவை வளையமாக்கி மடித்து வைத்தால் போதும். அதில் பாதத்தை வைத்து எழுந்து நின்றால் தொடைப் பட்டையின் அழுத்தம் குறையும். நிற்பதும் காலை ஆட்டுவதுமாக இருந்தால் நேரம் கிடைக்கும்.

இறக்கிய பிறகு உட்காரவைக்க வேண்டும் என்று முன்பு சொல்லப்பட்டது, அது கைவிடப்பட்ட கருத்து. படுக்கவைத்து, மூச்சைப் பார்த்து, வழக்கமான முதலுதவி செய்யுங்கள். விழுந்து தரையைத் தொட்டவரானால் மட்டும் கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் 108 வரும்வரை இருந்த இடத்திலேயே வைத்திருங்கள். நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போடுவதால் நடக்க முடியாமல் போனவர்கள் உண்டு.

பழைய பெல்ட் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?
– வாசகர், தேவகோட்டை

வேண்டாம். அது ஒருமுறை ஆளைத் தாங்கியிருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. தாங்கியிருந்தால் அதன் தையல் உள்ளே கிழிந்திருக்கலாம். புதியதிலும் தயாரித்த மாதம், ஆண்டு உள்ள லேபிள் இருக்கிறதா பாருங்கள். நல்ல நிலையிலிருந்தாலும் தயாரித்து பத்தாண்டு ஆனதைப் பயன்படுத்தாதீர்கள், தினமும் வெயிலில் உழைப்பது அதற்கு வெகு முன்பே போய்விடும். ஒதுக்கிய பெல்ட்டைக் கொட்டகையில் தொங்கவிடாதீர்கள். அவசரத்தில் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள். அன்றே பட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள்.